எம்ஜிபி காரில் மின்சாரமும் ஹீட்டரும் மக்கர் செய்தால்: அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்கும் முறை

இங்கிலாந்தின் ஆபிங்டன் ஊரில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்ற கார். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் இன்றும் சாலையில் அதிகம் பார்க்கக் கிடைப்பவற்றில் இதுவும் ஒன்று. எஞ்சின் 1,798 சிசி. அம்பாசிடரில் இருந்த 1,489 சிசி எஞ்சினும் இதே பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் குடும்பம் என்பதால், அம்பாசிடர் பானெட்டுக்குள் கைவைத்துப் பழகியவருக்கு இது அந்நியமாகத் தெரியாது. மின் சாமான்கள் பெரும்பாலும் லூகாஸ். சென்னையில் பாடி பக்கம் போய்வந்தவர்களுக்கும் அந்தப் பெயர் புதிதல்ல. 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் இந்த பிரிட்டிஷ் நிறுவனத்தின் கூட்டில் பிறந்ததுதான்.

பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்கள் லூகாஸுக்கு 'இருளின் இளவரசன்' என்று பட்டம் கட்டியிருக்கிறார்கள். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் அது முழு நியாயம் இல்லை. ஐம்பது வருடம் ஓடிய காரில் ஹெட்லைட் மங்கினால், அதில் லூகாஸின் பங்கு கொஞ்சம். களிம்பு ஏறிய இணைப்புகளும், முன்பு வைத்திருந்தவர்கள் ரேடியோவுக்கும் அலாரத்துக்கும் இஷ்டப்படி இழுத்த ஒயர்களும் செய்யும் வேலைதான் அதிகம். ஆகவே கீழே எந்த அறிகுறியை எடுத்தாலும் முறை ஒன்றே: புதுப் பொருள் வாங்கும் முன், பழைய பொருளுக்கு மின்சாரம் ஒழுங்காக வந்து, ஒழுங்காகத் திரும்பிப் போகிறதா என்று அளந்துவிடுங்கள். ஹீட்டர் என்றால் மின்சாரத்தோடு சுடுநீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கைவைக்கும் முன்

முதலில் கார் பாசிட்டிவ் எர்த்தா, நெகட்டிவ் எர்த்தா என்று பாருங்கள். 1967 கடைசி வரை வந்த டைனமோ கார்கள் பாசிட்டிவ் எர்த். அதன்பின் ஆல்டர்னேட்டரோடு வந்தவை நெகட்டிவ் எர்த். பழையவற்றில் பலவற்றை இடையில் யாராவது மாற்றியிருப்பார்கள். பேட்டரியின் எந்த முனை பாடியில் பூட்டியிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் உண்டு. ஆல்டர்னேட்டர் உள்ள காரில் பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் உள்ளிருக்கும் டயோடுகள் நொடியில் போய்விடும்.

பேட்டரி பானெட்டுக்குள் இல்லை, இருக்கைக்குப் பின்னால் தரைக்கு அடியில் இருக்கிறது. 1974 இலையுதிர்காலத்தில் கறுப்பு ரப்பர் பம்பர் வரும்வரை இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்திருந்தார்கள். பிறகு ஒரே 12 வோல்ட். கழற்றும்போது எர்த் பக்கத்தை முதலில் கழற்றுங்கள். அப்புறம் ஸ்பேனர் எங்கே இடித்தாலும் தீப்பொறி வராது.

கருவிகள் என்று பெரிதாக எதுவும் வேண்டாம்: ஒரு மல்டிமீட்டர், 21 வாட் பல்பில் ஒயர் வைத்த டெஸ்ட் லாம்ப், நீளமாக ஒரு தடித்த ஒயர், நைஸ் உப்புத்தாள், கான்டாக்ட் கிளீனர். டெஸ்ட் லாம்ப் எதற்கு, மீட்டர் போதாதா என்பார்கள். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் ஒயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். ஏனென்றால் மீட்டர் மின்சாரத்தைக் கிட்டத்தட்ட இழுப்பதே இல்லை. 21 வாட் பல்பு இரண்டு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், உண்மை அப்போது வெளியே வந்துவிடும்.

ஒயர் நிறங்களை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பழுப்பு: பேட்டரியிலிருந்து நேராக வருவது, ஃபியூஸ் கிடையாது, எப்போதும் உயிரோடு இருக்கும். வெள்ளை: சாவி போட்டால் வருவது, ஃபியூஸ் இல்லை. பச்சை: சாவி போட்டால் ஃபியூஸ் வழியாக வருவது. ஊதா: எப்போதும் ஃபியூஸ் வழியாக வருவது. சிவப்பு சைடு லைட்டுக்கு, நீலம் ஹெட்லைட்டுக்கு, கறுப்பு எர்த்துக்கு. நிறத்தின் மேல் ஓடும் கோடு, அந்த ஒயர் எந்தச் சாமானுக்குப் போகிறது என்பதைச் சொல்லும். பச்சையில் சிவப்புக் கோடு இடது இன்டிகேட்டர், வெள்ளைக் கோடு வலது, ஊதாக் கோடு பிரேக் லைட். இந்த ஒழுங்குக்காகவே லூகாஸை மன்னித்துவிடலாம்.

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று மட்டும் கேட்கிறது, செல்ஃப் சுற்றவில்லை

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பச் சொல்லி, வெளியே நின்று பாருங்கள். விளக்கு அப்படியே அணைந்துபோனால் பேட்டரியிலோ அதன் முனைகளிலோ கோளாறு. விளக்கு கொஞ்சமும் மங்காமல் 'டக்' மட்டும் கேட்டால், மின்சாரம் செல்ஃப் மோட்டாருக்குள் போகவே இல்லை. சாலினாய்டின், அதாவது செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் காந்த ஸ்விட்ச்சின், உள் முனைகள் கருகியிருக்கலாம். 'டக்'கும் இல்லை என்றால், சாலினாய்டுக்கு வரும் வெள்ளையில் சிவப்புக் கோடு போட்ட ஒயரில் சாவி திருப்பும்போது மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள்.

அளக்க வேண்டியவை: ஓய்வில் பேட்டரி 12.6 வோல்ட் அருகில் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகியுங்கள். அது சரியாக இருந்தால், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும், மறு முனையை எஞ்சின் பிளாக்கில் சுத்தமான ஒரு போல்ட்டிலும் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அத்தனையும் எர்த் பாதையில் வீணாகிறது என்று பொருள்.

இங்கேதான் மின்சாரமும் ஹீட்டரும் சந்திக்கின்றன. எஞ்சின் ரப்பர் மவுன்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. பாடிக்கும் அதற்கும் இடையே மின்பாதை என்று வேண்டுமென்றே வைத்தது ஒரு பின்னல் எர்த் பட்டை மட்டும்தான். கிளட்ச் வேலையோ எஞ்சின் வேலையோ பார்த்த யாரோ அதைத் திரும்ப மாட்ட மறந்திருந்தால், செல்ஃப் மோட்டார் கேட்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேறு வழி தேடும். கிடைக்கும் வழி எது? எஞ்சினிலிருந்து டேஷ்போர்டுக்கு ஓடும் சோக் கேபிளும் ஹீட்டர் வால்வு கேபிளும்தான். செல்ஃப் நோஞ்சானாகச் சுற்றும், சோக் குமிழைத் தொட்டால் சுடும், கேபிள் உறையிலிருந்து லேசாகப் புகை எழும். இதே காரில் கொஞ்ச நாளாக ஹீட்டர் குமிழ் இறுகிப்போய்த் திரும்ப மறுக்கிறது என்று தனியாக ஒரு புகார் இருக்கும். இரண்டும் ஒரே நோய். பட்டையை மாற்றி, அது உட்காரும் இரண்டு இடங்களிலும் பெயின்ட்டைச் சுரண்டி உலோகம் பளிச்சென்று தெரியவைத்துப் பூட்டுங்கள். வெந்துபோன கேபிளை அதற்கப்புறம் மாற்றினால் போதும். முதலில் கேபிளை மாற்றினால் புதியதும் வேகும்.

செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் பிடிக்கிறது, சாவியை விட்டதும் நின்றுவிடுகிறது

ரப்பர் பம்பர் கார்களுக்கே உரிய கோளாறு. அவற்றில் 6 வோல்ட் காயிலும் (பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தருவது), அதற்கு முன்னால் வோல்டேஜைக் குறைக்கும் ஒரு தடை ஒயரும் உண்டு. அந்த ஒயர் ஹார்னஸுக்குள்ளேயே (ஒயர்களைச் சேர்த்துக் கட்டிய கற்றைக்குள்) ஒளிந்திருப்பதால் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. செல்ஃப் அடிக்கும்போது சாலினாய்டிலிருந்து வேறொரு ஒயர் வழியாகக் காயிலுக்கு முழு மின்சாரம் போகும். சாவியை விட்டதும் தடை ஒயர் பொறுப்பேற்க வேண்டும்; அது அறுந்திருந்தால் எஞ்சின் நிற்கும். சாவி போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரின் பாயின்ட்கள் மூடிய நிலையில் காயிலின் பாசிட்டிவ் முனையில் 6 வோல்ட் அளவில் இருந்தால் சரி. ஒன்றுமே இல்லை என்றால் ஒயர் போய்விட்டது. பழைய குரோம் பம்பர் கார்களில் தடை ஒயர் கிடையாது, காயில் 12 வோல்ட்.

ஓடிக்கொண்டிருக்கும்போது இருமி இருமி நின்றால், சாவி போட்டதும் பின்னாலிருந்து எஸ்யு பெட்ரோல் பம்ப்பின் 'டிக் டிக்' கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்கவில்லை, பம்ப்பை லேசாகத் தட்டினால் உயிர் வருகிறது என்றால் அதன் பாயின்ட்கள் கருகிவிட்டன. தட்டுவதற்கு முன் அதன் எர்த் ஒயரைப் பார்ப்பது மரியாதை.

வைப்பர், இன்டிகேட்டர், ஹீட்டர் ஃபேன் மூன்றும் ஒன்றாகப் போய்விட்டன

ஒன்று போனால் அந்தச் சாமான். மூன்றும் சேர்ந்து போனால் பச்சைப் பாதையின் ஃபியூஸ். ஹார்னும் உள்விளக்கும் மட்டும் போயிருந்தால் ஊதாப் பாதை. ஃபியூஸ் பெட்டி பானெட்டுக்குள் பக்கச் சுவரில் இருக்கிறது. பழைய கார்களில் இரண்டு ஃபியூஸ், பிறகு நான்கு.

ஃபியூஸ் முழுதாக இருந்தும் மின்சாரம் வராமல் இருப்பது இந்தக் காரில் சர்வசாதாரணம். கண்ணாடிக் குழாயைப் பிடித்திருக்கும் பித்தளைக் கிளிப்பில் களிம்பு ஏறியிருக்கும். ஃபியூஸின் இரண்டு முனைகளிலும் கிளிப்பைத் தொட்டு ஒருமுறை, ஃபியூஸ் தொப்பியைத் தொட்டு ஒருமுறை அளந்தால், எந்த இடைவெளியில் மின்சாரம் தொலைகிறது என்று தெரிந்துவிடும். ஃபேனையும் வைப்பரையும் ஐந்து நிமிடம் ஓட விட்டு, ஃபியூஸை விரலால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் பிடிப்பு சரியில்லை. கிளிப்பை உப்புத்தாளால் தேய்த்து, லேசாக உள்ளே நெருக்கிவிடுங்கள். பெட்டியின் பின்புறம் ரிவிட் தளர்ந்திருந்தால் பெட்டியையே மாற்றுவது நல்லது, விலை அதிகமில்லை.

ஃபியூஸ் அளவில் ஒரு பொறி இருக்கிறது. லூகாஸ் ஃபியூஸில் 35 ஆம்ப் என்று எழுதியிருந்தால் அது வெடிக்கும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்ப்தான். இப்போது கடையில் கிடைக்கும் பலவற்றில் எழுதியிருக்கும் எண் தாங்கும் அளவு. அதிலும் 35 என்று பார்த்து வாங்கிப் போட்டால் ஃபியூஸ் பத்திரமாக இருக்கும், ஒயர்தான் எரியும்.

ஃபியூஸ் போட்டவுடனே போய்விடுகிறது

ஃபியூஸ் பாக்கெட்டைக் காலி செய்யாதீர்கள். ஃபியூஸ் இருந்த இடத்தில் 21 வாட் டெஸ்ட் லாம்ப்பை இணையுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ஒயர் எதுவும் வேகாது. இனி பச்சைப் பாதையில் ஒவ்வொரு கிளையாகப் பிரித்துக்கொண்டே வாருங்கள். எந்தக் கிளையைப் பிரித்ததும் பல்பு அணைகிறதோ அல்லது நன்றாக மங்குகிறதோ, குற்றவாளி அங்கே. நான் முதலில் பார்க்கும் இடங்கள் இரண்டு: கியர்பாக்ஸ் மேல் இருக்கும் ரிவர்ஸ் லைட் ஸ்விட்ச்சுக்குப் போகும் ஒயர்கள், ஹீட்டர் மோட்டாருக்குப் போகும் ஒயர். முதலாவது எண்ணெயில் ஊறிச் சூட்டில் வறுபடுகிறது. இரண்டாவது தகரத்தின் விளிம்பில் உரசுகிறது.

ஒரு கிளை கெட்டதற்காக முழு ஹார்னஸையும் மாற்றச் சொல்லும் ஆலோசனை அடிக்கடி வரும். அது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. உறை நொறுங்கி, பல இடத்தில் உருகி ஒட்டிக்கொண்ட ஹார்னஸுக்கு மட்டும் அந்தச் செலவு தகும். ஆனால் ஒயரைக் கடித்துப் பிடிக்கும் நீலப் பிளாஸ்டிக் கிளிப் எங்கே கண்ணில் பட்டாலும் பிடுங்கிவிடுங்கள். அது இழைகளைப் பாதி அறுத்துவிட்டுத்தான் பிடிக்கிறது. மிச்ச இழைகளை ஈரம் பார்த்துக்கொள்ளும்.

ஹெட்லைட் மஞ்சளாக அழுது வடிகிறது

தொழிற்சாலையில் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் காந்த ஸ்விட்ச்) வைக்கவில்லை. ஹெட்லைட்டின் மொத்த மின்சாரமும் டேஷ்போர்டு ஸ்விட்ச், டிப் ஸ்விட்ச் எல்லாம் சுற்றி, வழியில் பல புல்லட் இணைப்புகளைத் தாண்டி வருகிறது. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் தின்கிறது. வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடும். அதனால்தான் கணக்கில் சின்னதாகத் தெரியும் இழப்பு சாலையில் பெரிதாகத் தெரிகிறது.

விளக்கைப் போட்டபடியே பல்பின் பின்னால் அளங்கள். பேட்டரியில் 12.4, பல்பில் 10.8 என்றால் 1.6 வோல்ட் எங்கேயோ நிற்கிறது. பல்பின் கறுப்பு ஒயருக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே அளந்தால், அதில் எவ்வளவு எர்த் பக்கம் என்று பிரிந்துவிடும். ரேடியேட்டர் பக்கத்தில் கறுப்பு ஒயர்கள் கூடும் புல்லட் இணைப்பைப் பிரித்துப் பாருங்கள். ரப்பர் உறைக்குள் இருக்கும் சின்னத் தகரக் குழாயும் பித்தளைத் தலைகளும் பச்சையும் கறுப்புமாக இருக்கும். தலைகளைத் தேய்த்து, குழாயைப் புதிதாகப் போட்டு, சிறிது கிரீஸ் தடவி அழுத்துங்கள். 'டப்' என்று உட்கார வேண்டும். கையால் எளிதாக இழுக்க வந்தால் பிடிப்பு போதாது. இதன் பிறகும் வெளிச்சம் போதவில்லை என்றால் இரண்டு ரிலே வையுங்கள். எர்த்தைச் சரிசெய்யாமல் ரிலே வைத்தால் பணம்தான் செலவு.

பிரேக்கை மிதித்தால் இன்டிகேட்டரும் மினுக்குகிறது, சைடு லைட் போட்டால் பிரேக் லைட் மங்குகிறது என்று பேய் பிடித்தாற்போல் நடந்தால், அந்த மூலை விளக்கின் எர்த் போய்விட்டது. மின்சாரம் பக்கத்து இழை வழியாக வீடு திரும்பப் பார்க்கிறது. தடித்த ஒயரால் விளக்கின் உடலைப் பேட்டரி எர்த்தோடு இணைத்துப் பாருங்கள், பேய் ஓடிவிடும்.

பிரேக் லைட் மட்டும் எரியவில்லை என்றால் ஸ்விட்ச்சின் இரண்டு ஒயர்களையும் ஒன்றோடொன்று தொடவையுங்கள். எரிந்தால் ஸ்விட்ச் போச்சு. ஆரம்பகாலக் கார்களில் அது பிரேக் ஆயில் அழுத்தத்தில் இயங்குவது, அழுத்தி மிதித்தால் மட்டும் வேலை செய்ய ஆரம்பிப்பது அதன் கடைசிக் காலத்தின் அறிகுறி.

இன்டிகேட்டர் எரிந்தபடி நிற்கிறது, அல்லது எரிவதே இல்லை

பழைய ஃபிளாஷர் சூட்டில் வளையும் தகடு வைத்தது. போதிய மின்சாரம் ஓடினால்தான் சிமிட்டும். ஒரு பல்பு போனாலோ எர்த் மோசமானாலோ நின்றுவிடும். எல்இடி பல்பு மாற்றியிருந்தால் எலக்ட்ரானிக் ஃபிளாஷர் வேண்டும். ஹஜார்ட் ஸ்விட்ச் உள்ள கார்களில் இன்னொரு சங்கதி: இன்டிகேட்டருக்குப் போகும் மின்சாரமே அந்த ஸ்விட்ச்சின் உள்முனை வழியாகத்தான் போகிறது. வருடக்கணக்கில் யாரும் தொடாத ஸ்விட்ச் அது. இருபது முப்பது தடவை அழுத்தி அழுத்தி எடுங்கள். பாதிப் பேருக்கு வேலை இதோடு முடிந்துவிடும்.

பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து பொய் சொல்கின்றன

ஒரு முள் தவறினால் அதற்கு அளவை அனுப்பும் சென்டர் (sender) யூனிட். இரண்டும் சேர்ந்து ஏறி நின்றால், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசர். அது 12 வோல்ட்டை அடித்து அடித்துச் சராசரியாக 10 ஆக்குகிறது. அதன் தகர உடல் எர்த் ஆகாவிட்டால் முழு வோல்டேஜும் உள்ளே போய் முள் மேலே ஏறும். ஸ்க்ரூவைக் கழற்றித் துருவைத் தேய்த்து மாட்டிய பிறகுதான் புதியது வாங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும். ஆரம்ப மாடல்களில் டெம்பரேச்சர் மீட்டர் மின்சாரத்தில் ஓடுவதில்லை, மெல்லிய உலோகக் குழாய் வைத்தது. அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

சார்ஜ் விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஆல்டர்னேட்டர் காரில் சாவி போட்டதும் சிவப்பு விளக்கு எரியவே இல்லை என்றால் நிம்மதிப்படாதீர்கள். அந்த பல்பு வழியாகப் போகும் சிறு மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரைக் கிளப்புகிறது. பல்பு போனால் சார்ஜும் போகலாம். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் அளவில் இருந்தால் நலம்.

ஹீட்டர் ஃபேன் சுற்றவில்லை

ஆரம்பத்தில் இங்கிலாந்தில் ஹீட்டரே தனிக் காசு கொடுத்து வாங்கும் சாமானாக இருந்தது. அந்த நாட்டுக் குளிரில்! ஸ்மித்ஸ் நிறுவனத்தின் பெட்டி அது. எஞ்சினுக்குப் பின்னால் தடுப்புச் சுவரில் புதைந்து உட்கார்ந்திருக்கும்.

சாவி போட்டு ஸ்விட்ச்சை அழுத்தியபின், மோட்டாரின் ஒயரில் டெஸ்ட் லாம்ப் எரிகிறதா பாருங்கள். எரியவில்லை என்றால் ஸ்விட்ச்சில் பச்சை ஒயர் வரை மின்சாரம் இருக்கிறதா, ஸ்விட்ச்சைத் தாண்டுகிறதா என்று பின்னோக்கிப் போங்கள். எரிகிறது, ஆனால் மோட்டார் அசையவில்லை என்றால் மோட்டாரின் கறுப்பு ஒயருக்குத் தற்காலிகமாக ஒரு எர்த் கொடுங்கள். அப்போதும் அசையாவிட்டால்தான் மோட்டாரின் மேல் பழி. பல கார்களில் மோட்டாரை மட்டும், பெட்டியைக் கிளப்பாமலே, ஸ்க்ரூக்களை அவிழ்த்து உருவிவிடலாம். இடம் நெருக்கடி, பொறுமை வேண்டும்.

வெளியே எடுத்த மோட்டாரை உடனே குப்பையில் போடாதீர்கள். தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் இரண்டு முனை புஷ்ஷிலும் ஒரு துளி மெல்லிய மெஷின் ஆயில் விட்டு, முன்னும் பின்னும் சுற்றிச் சுற்றி இளக்குங்கள். கம்யூட்டேட்டர் (பிரஷ் உரசும் செம்பு வளையம்) கரி பிடித்துக் கறுத்திருந்தால் நைஸ் உப்புத்தாளால் செம்பு நிறம் தெரியும்வரை துடைத்து, துண்டுகளுக்கு இடையே இருக்கும் பிளவுகளில் சிக்கிய தூளைக் குச்சியால் நோண்டி எடுங்கள். பல மோட்டார்கள் இதோடு எழுந்து உட்கார்ந்துவிடும். பிரஷ் தேய்ந்து ஒன்றுமில்லாமல் போயிருந்தால்தான் மாற்ற வேண்டும்.

சுற்றுகிறது, காற்று மட்டும் வரவில்லை என்றால், பாசிட்டிவ் எர்த்திலிருந்து மாற்றிய காரா என்று விசாரியுங்கள். காந்தம் வைத்த மோட்டார் முனை மாறினால் தலைகீழாகச் சுற்றும். இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றினால் சரி.

காற்று வருகிறது, சூடு வரவில்லை

எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, குமிழை முழுச் சூட்டில் வைத்து, ஃபேனைப் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு ஹீட்டருக்குப் போகும் இரண்டு ரப்பர் குழாய்களையும் துணி சுற்றிய கையால் தொடுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

இரண்டும் ஆறியிருந்தால் சுடுநீர் கிளம்பவே இல்லை. முதலில் எஞ்சின் உண்மையிலேயே சூடாகிறதா? இந்தக் காருக்குப் பொதுவான தெர்மோஸ்டாட் 82 டிகிரி. சூடான நாட்டுக்கு 74, குளிர்நாட்டுக்கு 88. கோடையில் யாராவது 74 போட்டிருப்பார்கள், அல்லது கழற்றியே எறிந்திருப்பார்கள். அது சரி என்றால் சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம் பூட்டியிருக்கும் தண்ணீர் வால்வைப் பாருங்கள். உள்ளே ஒருவர் குமிழைத் திருப்ப, வால்வின் கை முனைக்கு முனை நகர வேண்டும். பாதி வழியில் நின்றால் கேபிள். கேபிளின் உள்கம்பி ஒற்றைக் கம்பி. ஒருமுறை மடங்கினால் தள்ளும்போது அங்கேயே வளையும். கட்டும்போது குமிழையும் வால்வையும் 'ஆஃப்' நிலைக்குக் கொண்டுவந்து, பிறகு உறையைக் கிளாம்பில் இறுக்குங்கள். கை ஒழுங்காக நகர்ந்தும் குழாய் சுடவில்லை என்றால் ஹெட்டில் இருக்கும் துளையே சேறு கட்டி அடைத்திருக்கும். எஞ்சின் ஆறியபின் தண்ணீரை இறக்கி, வால்வைக் கழற்றி, கம்பியால் குத்திப் பாருங்கள். அதன் நட்டுகளுக்கு முந்தின நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வைப்பது அவசியம். ஹெட்டில் ஸ்டட் உடைந்தால் ஹீட்டர் வேலை ஹெட் வேலையாகிவிடும். திரும்ப மாட்டும்போது புது கேஸ்கட் போடுங்கள்.

ஒன்று கொதிக்கிறது, மற்றது குளிர்ந்திருக்கிறது என்றால், மேட்ரிக்ஸ் (ஹீட்டர் பெட்டிக்குள் சுடுநீர் ஓடும் சின்ன ரேடியேட்டர்) அடைத்திருக்கிறது அல்லது காற்று அடைத்திருக்கிறது. காற்றை முதலில் விரட்டுங்கள்: ஆறிய காரை மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்தி, ஹீட்டர் குழாய் ஒன்றைத் தளர்த்தி, தண்ணீர் எட்டிப் பார்க்கும்வரை ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டே இருங்கள். பயன் இல்லையென்றால் இரண்டு குழாயையும் கழற்றித் தோட்டக் குழாயால் மெல்லிய அழுத்தத்தில், ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் தண்ணீர் விடுங்கள். காப்பி நிறத்தில் வருவது தெளியும்வரை திசையை மாற்றி மாற்றி விடலாம். அழுத்தத்தைக் கூட்டினால் பழைய மேட்ரிக்ஸ் பொத்துக்கொள்ளும்.

இரண்டு குழாயும் கொதிக்கின்றன, முகத்தில் மட்டும் குளிர்காற்று. இதுதான் மிக அதிகமாகக் காணப்படும் வகை, மிகக் குறைவாகக் கண்டுபிடிக்கப்படும் வகையும். பெட்டிக்குள் மேட்ரிக்ஸைச் சுற்றி ஒட்டியிருந்த ஃபோம் பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கும். காற்று சோம்பேறி, சூடான துடுப்புகளுக்குள் நுழைவதைவிட ஓரத்து இடைவெளியில் நழுவுவது அதற்கு எளிது. காலடியில் கறுப்புத் தூள் உதிர்ந்து கிடந்தால் இதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இதற்குப் பெட்டியை வெளியே எடுத்தே ஆக வேண்டும். தண்ணீரை இறக்குங்கள், இரண்டு குழாய்களையும் கழற்றுங்கள், கேபிளையும் மோட்டார் ஒயரையும் பிரியுங்கள். உள்ளே நடுக் கன்சோலை நகர்த்திவிட்டு, கண்ணாடிக்குக் காற்று கொண்டுபோகும் இரண்டு குழாய்களையும் பெட்டியிலிருந்து உருவுங்கள். பிறகு பானெட் பக்கம் விளிம்பில் இருக்கும் ஸ்க்ரூக்கள். எல்லாம் அவிழ்ந்தும் பெட்டி அசையாது. அரை நூற்றாண்டு ஃபோம் கோந்தாகிப் பிடித்திருக்கும். நெம்பாதீர்கள், தகரம் வளையும். இடமும் வலமும் ஆட்டி ஆட்டி மேலே இழுங்கள். கிளிப்புகளை எடுத்துப் பெட்டியைப் பிரித்து, மேட்ரிக்ஸைத் தண்ணீரில் அமிழ்த்தி லேசாகக் காற்று ஊதிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். ஒட்ட வேண்டியது தண்ணீர் குடிக்காத மூடிய ரக ஃபோம். மெத்தை ஸ்பாஞ்ச் ஒட்டினால் ஈரத்தை உறிஞ்சிப் பெட்டியைத் துருவாக்கும். திரும்ப இறக்கும்போது அடியில் இருக்கும் புது ஃபோம் மடங்கிக் கிழிவதுதான் எல்லோருக்கும் வரும் வினை. சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டால் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

கேபிளை 'ஆஃப்' செய்தும் கோடையில் கால் வேகிறது என்றால் வால்வு முழுதாக மூடவில்லை. முதலில் கேபிள் அளவைப் பாருங்கள், பிறகு வால்வு. சூடு காலுக்கு மட்டும் போய், கண்ணாடியில் ஆவி அகலவில்லை என்றால் காற்றைத் திருப்பும் இரண்டாவது குமிழின் கேபிளையும், கண்ணாடிக் குழாய்கள் கழன்று தொங்குகின்றனவா என்பதையும் கவனியுங்கள். காலடிக் கதவுகள் கையால் திறந்து மூடுபவை. அவை திறந்தே கிடந்தால் மேலே காற்று எப்படிப் போகும்?

காலடி விரிப்பு நனைந்திருக்கிறது

மழையா, கூலன்ட்டா? ஈரத்தை இரண்டு விரலில் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் கூலன்ட், மேட்ரிக்ஸ் ஒழுகுகிறது. ஃபேனைப் போட்டதும் முன்கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம் போல் ஒன்று படிந்து, துடைத்தாலும் போகாது. அதுவும் இதே அடையாளம். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம், கூலன்ட் விஷம். வெறும் தண்ணீர் என்றால், கண்ணாடிக்கு முன்னால் காற்று நுழையும் ஜன்னலுக்கு அடியில் மழைநீர் வெளியேற ஒரு ரப்பர் குழாய் இருக்கிறது. இலையும் சேறும் அதை அடைத்திருக்கும். காரின் அடியிலிருந்து அந்தக் குழாயின் வாயை நெருக்கி நெருக்கி விடுங்கள். முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு.